மடி மாறிப் போன பிள்ளை

இந்த ஊரில் பிள்ளையைத் தூக்க யாரும் அனுமதி கேட்பதில்லை. காய்கறி வண்டிக்காரம்மா தராசில் வெண்டைக்காயைப் போட்டுவிட்டு, தட்டு ஆடி நிற்பதற்குள் என் இடுப்பில் இருக்கும் இனியாவைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொள்வார். துணி தேய்க்கிறவர் அவள் கன்னத்தைத் தொட்டு, அந்த விரலைத் தன் வாயில் வைத்து முத்தமிட்டுக்கொள்வார். லிப்டில் வரும் பெரியவர், பேர்கூடத் தெரியாதவர், "சாப்டியா கண்ணு?" என்பார். கேட்பது அவளிடம், என்னிடம் அல்ல. மலேசியாவில், பந்திங்கில் நாங்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பில், என் தங்கை மகன் குமாரின் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கக்கா என்று கூப்பிடுவோம், பத்து வருஷப் பழக்கம், அவர்கூட "போலே?", தூக்கலாமா, என்று கேட்டு நான் தலையாட்டிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவார். மரியாதை என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். அதனால் இங்கே வந்த முதல் வருஷம், யாராவது கையை நீட்டினால் நான் முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடிக்கொண்டு விடுவேன்.

இனியா, என் தங்கை மகள் மாலாவின் பிள்ளை. தங்கை சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப்போன மாலாவையும் குமாரையும் நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை. மாலா படித்து, வேலைக்கென்று சென்னைக்கு வந்து, இந்த ஊர் சரவணனைக் கட்டிக்கொண்டு அடையாற்றில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். இனியா பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஒரு பெட்டியோடு வந்தேன். இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அந்தப் பெட்டியில் இப்போது இனியாவின் பழைய சட்டைகள் இருக்கின்றன.

பிள்ளைக்கு இரண்டேகால் வயதாகியும் பேச்சு வரவில்லை. 'மா' என்பாள், 'பா' என்பாள், அதோடு சரி. வேண்டியதைக் கையால் காட்டுவாள். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். காது பார்த்தார்கள், நாக்கு பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு டாக்டரம்மா, "பகல்ல பாப்பா யார்கூட இருக்கா?" என்று கேட்டார். மாலாவும் சரவணனும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க அவகிட்ட நிறைய பேசுவீங்களாம்மா?"

"ம்," என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பதிலே இவ்ளோதானா? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. நாலு பேர் பேசறது காதுல விழணும். வாயைப் பாக்கணும். வெளிய கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மாலா மெதுவாக, "பகல்ல பிள்ளைங்களைப் பாத்துக்கிற இடம் ஒண்ணு பக்கத்துத் தெருவுல இருக்கு பெரிம்மா, விசாரிக்கலாமா?" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையின் பேச்சை என் மௌனம் தின்றுகொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நான் ஏன் இப்படி என்றால், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த உங்களில் சிலருக்குச் சொல்லாமலே புரியும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்த மறு மாதமே பால் மரம் வெட்ட, ரப்பர் பால் எடுக்கிற வேலைக்கு, போய்விட்டேன். பொழுது விடியுமுன் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்கள். 'இருக்கேன்' என்று ஒரு சொல். அதற்குப் பிறகு அவரவர் மர நிரைக்கு அவரவர் போக வேண்டியதுதான். முன்னூறு மரம் இருக்கும், கொசு இருக்கும், கத்தி பட்டையில் போகும் சத்தம் இருக்கும். பேச ஆள் இருக்காது. இருபத்தாறு வருஷம் அப்படிப் போனது. மரத்தோடு வேலை செய்கிறவளுக்கு வாய் எதற்கு? சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தால் மற்ற பெண்கள் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் கொட்டுவார்கள். எனக்குச் சேரவே இல்லை. மாலாவும் குமாரும் எப்படிப் பேசக் கற்றார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் பாதிதான். பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டே கற்றிருப்பார்கள். இங்கே சுவர் முழுசாக இருக்கிறது. கதவைச் சாத்தினால் ஏசி சத்தம் மட்டும்தான்.

"ஒரு மாசம் குடு," என்று மாலாவிடம் சொன்னேன். "நானே கூட்டிப் போறேன்."

"பெரிம்மா, லிப்டுல ஆள் இருந்தா படியேறி வர்ற ஆள் நீங்க!"

"ஒரு மாசம்."

அவள் சரவணனைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். மாலா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது. கடைசி நிறுத்தம் தியாகராய நகர். அங்கிருந்து நடந்தால் பூங்கா. கடைசி நிறுத்தம் என்பதால் யாரிடமும் 'எங்கே இறங்க வேண்டும்' என்று கேட்கத் தேவையில்லை. அவள் என்னை நன்றாகத் தெரிந்தவள்.

ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு அடையாற்றில் பஸ் ஏறினேன். அங்கே நம் பந்திங்கில் பிள்ளை என்றால் காரின் பின்சீட்டில் வார்போட்டுக் கட்டி உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிற சாமான். இங்கே ஒரு கையில் பிள்ளை, தோளில் பை, இன்னொரு கையில் கம்பி. ஏறியதுமே, சீட்டில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, மடியில் காலிக் கூடையோடு, என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "குடு" என்றார். எதைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. பையில் பிஸ்கட் இருந்தது. பாக்கெட்டோடு எடுத்து நீட்டினேன்.

"ஐய்ய, பிஸ்கோத்து எனக்கு எதுக்குமா? கொயந்தய குடு! நின்னுக்கினு எப்டி புடிப்ப?"

நான் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. பஸ் ஓர் ஆட்டம் ஆடியது, பிள்ளை அவர் மடியில் இருந்தாள். கூடை காலடிக்குப் போய்விட்டது. இனியா அழவும் இல்லை. அந்த அம்மாவின் மூக்குத்தியை நிமிண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டால் போதும் என்று நினைத்தேன். அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது. "உள்ள போ, உள்ள போ, பின்னாடி காலியாத்தானே கீது!" என்று கண்டக்டர் கத்த, ஆட்கள் தள்ள, நான் மரியாதையாக வழிவிட்டு வழிவிட்டுப் பஸ்ஸின் பின்பாதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் இனியாவின் மஞ்சள் கவுன் மட்டும்தான். காந்தி மண்டபம் தாண்டியதும் பூக்கார அம்மா எழுந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போகிறாரோ என்று எக்கி எக்கிப் பார்த்தேன். அவரோ, ஏதோ பாத்திரத்தைக் கை மாற்றுவதுபோல, அடுத்த சீட்டில் இருந்த காலேஜ் பெண்ணிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். அடுத்த நிறுத்தத்தில் அந்தப் பெண் எழுந்தாள். மஞ்சள் கவுன் இன்னொரு மடிக்குப் போனது. பிள்ளை முன்னால் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், நான் பின்னாலேயே. 'அது என் பிள்ளை' என்று சொன்னால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை. இத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சைதாப்பேட்டையில் பாதி பஸ் இறங்கியது. கூட்டம் கலைந்து பார்த்தால் கடைசியாகக் கவுனைப் பார்த்த சீட்டு காலி.

எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "பிள்ளை! ஐயோ, எம் பிள்ளை!" என்று ஒரு குரல் கேட்டது, அது என்னுடையது. தோட்டத்தில் ஒருமுறை காட்டுப்பன்றியைப் பார்த்தபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. டிரைவர் பிரேக் போட்டார். கண்டக்டர் விசில் ஊதினார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"இன்னாமா? இன்னா ஆச்சு?"

"பிள்ளை... மஞ்சள் கவுன்..."

முன்னால் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "இங்க கீதும்மா! ஏன் இப்டி கூவற?" என்ஜின் மூடிக்குப் பக்கத்துச் சீட்டில், பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மா மடியில், இனியா கையில் ஒரு கொய்யாத் துண்டோடு உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் முழுக்க மிளகாய்த்தூள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். யாருக்கும் வழி விடவில்லை. பொட்டு வைத்த அம்மா பிள்ளையைத் தராமல் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பப்பா, இன்னா தொண்டமா உனக்கு! நீ மீன் விக்கப் போலாம்." பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர், "பாட்டிம்மா, நம்ம வண்டியில கொட காணாப் போவும், செருப்பு காணாப் போவும். கொயந்த காணாப் போனதே கெடயாது. யார்னா ஒருத்தர் வச்சிக்கினு இருப்பாங்க," என்று சொல்லிவிட்டு, எனக்கென்று பக்கத்திலிருந்த ஒரு பெண்ணை நகர்ந்து உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்ததும் கேள்விகள். எந்த ஊரு? சிலோனா? கேரளாவா? மலேசியாவா? அப்புறம் எப்படித் தமிழ் பேசற? பாப்பா பேரென்ன? இன்னும் பேசலியா? எங்க அண்ணன் பையன் மூணு வயசு வரிக்கும் பேசல, இப்ப வாய மூட மாட்றான். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் தமிழைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் தமிழைக் கேட்டு நானும் சிரித்தேன். இனியா சிரிக்கவில்லை. பேசுகிற ஒவ்வொரு வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் பால் மங்குக் கிண்ணத்தில் சொட்டுவதை நான் சின்ன வயதில் பார்த்துக்கொண்டிருப்பேனே, அப்படி.

சாயங்காலம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மாலா இனியாவைத் தூக்கித் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். "யார் யாரோ கையில! பெரிம்மா, வேண்டாம், போதும்," என்றாள். சரவணன்தான் காப்பாற்றினார். "எங்கம்மா என்னை அப்டித்தான் பஸ் ஏத்துவாங்க. ஜன்னல் வழியா மொதல்ல நான் போவேன், அப்றம் பை, அப்றம்தான் அவங்க. எந்த மடின்னு நான் பாத்ததே இல்ல. நல்லாத்தானே இருக்கேன்?" மாலா அவரை ஏற இறங்கப் பார்த்து, "அதுலதான் எனக்குச் சந்தேகம்," என்றாள். சிரித்துவிட்டோம். சிரித்ததால் மாதம் முடியும் வரைக்கும் எனக்கு அனுமதி கிடைத்தது.

தினமும் போனோம். பூங்காவைவிடப் பஸ்தான் இனியாவுக்குப் பிடித்தது. பூங்காவில் இறக்கிவிட்டால் ரோட்டையே பார்ப்பாள். நான் மடி கொடுக்கிறவர்களின் முகம் பார்த்துப் பழகினேன். பிள்ளையை நானே நீட்டவும், "கொஞ்சம் வச்சுக்குங்க" என்று சொல்லவும் பழகினேன். கை நீட்டாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. மூன்று வாரம் போயிற்று. மாலா அந்தப் பிள்ளை பார்க்கும் இடத்துக்குப் பணம் கட்டும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சமையல். சரவணன் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இனியா வந்து அவர் காலைத் தள்ளினாள். அவர் நகரவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். பிறகு இடுப்பில் ஒரு கையை வைத்து, வாயை அகலத் திறந்து, கண்டக்டரின் அதே இழுப்போடு கத்தினாள்:

"உள்ள போ! உள்ள போ!"

மாலா கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள்ளேயே போய்விட்டது. சரவணன் போனை மறந்துவிட்டு உள்ளே போனார், சொன்னபடி. அவர் போனதும் பிள்ளை கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றாள்.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் எத்தனை முறை வாசலில் நின்று எத்தனை முறை உள்ளே போனோம் என்று கணக்கில்லை. மாலா சிரித்துக்கொண்டே அழுதாள். காலண்டரில் இருந்த வட்டத்தை என் கண் முன்னாலேயே பேனாவால் அடித்துவிட்டாள். எனக்கு ஒரே ஒரு சின்னக் குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் முதல் பேச்சு என் வாயிலிருந்து போயிருந்தால், அதில் நம் ஊர் வாசம் கொஞ்சம் இருந்திருக்கும். அவளுக்கு நான் கொடுத்தது மடி மட்டும்தான், பேச்சைப் பஸ் கொடுத்தது. பிறகு யோசித்தேன்: பஸ்ஸுக்கு அவளைக் கொண்டுபோனவள் யார்? அந்த அளவுக்குப் பெருமை இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

சேதி கேட்டுக் குமார் பந்திங்கிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். அவன் மனைவி, பிள்ளைகள், எதிர்வீட்டு ராஜம்மாக்கா, பழைய லயத்துச் சொந்தம் என்று ஏழெட்டுப் பேர் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் முட்டிக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேருக்கு நெற்றி மட்டும், சிலருக்குக் காது மட்டும் தெரிந்தது. இனியா அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள். "உள்ள போ!"

"யார் இது, கண்டக்டரா லா?" என்றான் குமார். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, உண்மையாகவே உள்ளே நகர்ந்தார்கள். ராஜம்மாக்கா முகம் முழுசாக வந்தது. எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் எங்கள் பக்கம் தெரிந்தது. அதில் பிள்ளை முழுசாக இருந்தாள். எனக்குப் பாதி முகம்தான் இருந்தது, மீதி கட்டத்துக்கு வெளியே.

இனியாவும் அதைப் பார்த்துவிட்டாள். திரும்பி என் முழங்காலைத் தள்ளி, "பெம்மா, உள்ள போ," என்றாள். எந்தப் பக்கத்து உள்ளே என்று நான் கேட்கவில்லை. அங்கே அவர்கள் எனக்கென்று இன்னும் கொஞ்சம் நெருங்கி இடம் விட்டார்கள், இங்கே இவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் நகர்ந்தேன்.