ஜட்ஜ் ஐயாவின் செத்த வீட்டுக்கு இடியப்பம்

இடியப்பம் அவித்து விற்கிறவளுக்கு வாய் தேவையில்லை, இரண்டு காது இருந்தால் போதும். கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு அது தோதான தொழில். விடிய எழும்பி மாப் பிழிந்து கை உளைந்தவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வது விளங்கும்.

இப்போது நிலாவெளியில் இருக்கிறோம். இருந்தாலும் திருகோணமலை ஜெட்டிக்குப் பக்கத்து ஒழுங்கையில், இடுப்பில் மகளும் கையில் இடியப்ப உரலுமாக நின்ற அந்தக் காலைகளுக்குத்தான் மனம் ஓடுகிறது. ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்த, பென்சன் எடுத்த ஜட்ஜ் ஐயா செத்த காலையை எப்படி மறக்கிறது?

முதல் ஆட்கள்

மூதூர் லாஞ்சுக்குப் போகிறவர்களும் சல்லிக் கிராமத்து மீன்காரர்களும்தான் முதலில் வருவார்கள். அன்றைக்கு ஒழுங்கை முழுக்கச் செத்த வீட்டு வெள்ளைக் கொடி. வெடி போட்டு மீன் பிடித்தவர்களை ஐயா இரக்கம் பார்க்காமல் மறியலுக்கு அனுப்பிக் கம்பி எண்ண வைத்தவர். அதனால் கடற்கரையில் அவருக்காக அழ ஆள் இல்லை. சல்லி அண்ணன் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு, சொதிக்குக் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டார்:

“மேலை இருக்கிற கோட்டிலை இவருக்காக வழக்குக் கதைக்க எந்தப் புரொக்டர் வருவான்?”

தயிர்ச் சட்டி

எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, லாஞ்சால் இறங்கி வந்தார் மூதூர்க் காக்கா. முஸ்லிம் பெரியவர், நெல் வியாபாரி. ஐயாவின் கோட்டில் காணி வழக்கு வென்றவர். வென்ற சந்தோசத்தில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றைக் கொண்டுபோய் ஐயாவின் கேற்றடியில் வைத்தாராம். ஐயா சட்டியோடு சேர்த்துத் துரத்திவிட்டாராம். இதைச் சொல்லும்போது காக்காவின் கண் கலங்கியது. என் அடுப்புப் புகையோ, தெரியாது.

“‘நாளைக்கு உனக்கு எதிராத் தீர்ப்பு எழுதினா, தயிரத் திருப்பிக் கேப்பியா’ண்டு ஏசினாரு, புள்ள. அப்பிடி ஏச்சு வாங்க இனி எங்க போறது?”

மாசிச் சம்பல்

செத்த வீட்டில் அடுப்பு எரிக்கக் கூடாதே. ஐயாவின் சமையல்காரர் வந்து, கூடியிருக்கிற சனத்துக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் வேண்டும் என்றார். நின்றவர்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். காரணம் என் மனிசன். வெடி எறிந்தது வேறு ஆள். இவர் மிதந்த மீனை அள்ளப் போனவர். சொல்லச் சொல்லக் கேளாமல் ஐயா இவரை மறியலில் போட்டார். மகள் பிறந்தபோது இவர் உள்ளே. அந்த நாளில்தான் நான் இடியப்பம் அவிக்கத் தொடங்கினேன். வெளியே வந்த பிறகு ஐயாவின் பெயரை இவர் வாயால் சொன்னதே இல்லை.

சல்லி அண்ணன் விடுவாரா? “தங்கச்சி, மனிசனை உள்ளுக்குப் போட்டவர் வீட்டுக்கோ இடியப்பம்?” என்றார். ஓம் என்றால் இவருக்கு நோகும். ஏலாது என்றால் செத்த வீட்டாரை வெறுங்கையோடு அனுப்பின பாவம். இவரோ பின்னால் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. தலை நிமிராமலே சொன்னார்:

“செத்த வீட்டிலை மீன் மச்சம் கூடாது. மாசிக் கருவாடு போட்ட சம்பலை எடுத்து வைச்சிட்டு, வேறை இடி.”

கதிரை

இடியப்பப் பெட்டியையும் இவரே தூக்கிக்கொண்டு போனார். நெடுநேரமாகியும் வரவில்லை. அங்கே என்ன சண்டையோ? பிழிந்த இடியப்பத்தை அடுப்பில் ஏற்ற மறந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்து பெட்டியை வைத்துவிட்டுத்தான் சொன்னார். ஐயாவின் மனிசி, “தம்பி ஆர்?” என்று கேட்டாவாம். “ஐயா மறியலுக்கு அனுப்பின ஆள்” என்றாராம் இவர். பக்கத்தில் இருந்த பெரிய மனிசர் பதறி எழும்பிவிட்டார்களாம். அந்த அம்மாவோ கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ தம்பி. விடியத் தொடக்கம் எல்லாரும் புகழ்ந்துகொண்டிருக்கினம். நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கோ” என்றாவாம்.

“என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டேன். அந்தக் கதையில் முதல் தடவையாக இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“‘நான் சொன்னதை ஐயா காது குடுத்துக் கேக்கேல்லை’ எண்டனான். ‘எனக்கும் அதே கதைதான், தம்பி’ எண்டா மனிசி.”

ஊர் ஒரு மனிதரைப் பற்றி எத்தனை விதமாகக் கதைத்தாலும், கேட்டுக்கொண்டு நிற்கிற இடியப்பக்காரி எல்லாருக்கும் ஒரே சட்டிச் சொதியைத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது.