கருகிய மீட்டரும் எரியாத பல்பும்

அந்த வியாழக்கிழமை பற்றி என் குறிப்புப் புத்தகத்தில் மூன்று வரிகள்தான் இருக்கின்றன. காலை ஒன்பது இருபதுக்கு இரண்டாவது தையல் வரிசை நின்றது. ஒன்பது இருபத்தைந்துக்கு மீட்டர் ஸ்டோருக்குத் திரும்பி வந்தது, கருகிய மணத்தோடு. கொண்டுவந்தவருக்குக் காயமில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மீட்டர் என்பது கையில் அடங்கும் ஒரு மஞ்சள் பெட்டி. இரண்டு வயர்களின் முனையை வைத்தால் மின்சாரம் வருகிறதா, எவ்வளவு வருகிறது என்று எண்ணில் காட்டும். மின் பிரிவில் நம்பகமான மீட்டர் அது ஒன்றுதான். கையொப்பம் வாங்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அன்று கையொப்பமிட்டு வாங்கியவர் மஹய்யாவயைச் சேர்ந்தவர். வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். எட்டு வருடம் லொறியில் பெட்டி ஏற்றியவர், தானாகவே படித்துக்கொண்டு மின் பிரிவுக்கு வந்திருந்தார். அவருடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் அடுத்த திங்கட்கிழமை முடிய இருந்தது. கொழும்புக்குப் போயிருந்த பொறியியலாளர் அன்று திரும்பி வந்து ஒரு படிவத்தில் எழுதுவார். அவர் எழுதுவதைப் பொறுத்து இவர் மின் பிரிவில் நிலைப்பார், இல்லாவிட்டால் பெட்டி ஏற்றப் போவார்.

நடந்தது இதுதான். மேற்பார்வையாளர் ஒரு பிளக் பொயின்ட்டைக் காட்டி, கரண்ட் இருக்கிறதா பார் என்றிருக்கிறார். இவர் மீட்டரின் இரண்டு முனைகளையும் உள்ளே வைத்திருக்கிறார். வெடித்தது. முனைகளின் செம்பு உருகி, அந்த வரிசை முழுவதும் அணைந்துவிட்டது.

"சரியான ஓட்டையிலதாண்ணே சொருகினேன்" என்றார். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

நான் நம்பவில்லை. மீட்டரின் அடியில் மூன்று ஓட்டைகள் உண்டு. கறுப்பு வயருக்கு ஒன்று. சிவப்பு வயரை வோல்ட் பார்க்க ஒன்றிலும் ஆம்பியர் பார்க்க இன்னொன்றிலும் சொருக வேண்டும். ஆம்பியர் ஓட்டையில் சொருகிக்கொண்டு பிளக் பொயின்ட்டில் வைத்தால் அது இரண்டு கம்பிகளை நேராக முடிச்சுப் போடுவது போலத்தான். மனிதர் பதற்றத்தில் தவறவிட்டுவிட்டார், ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மடவளையில் இதைப் பழுதுபார்க்க "ரேடியோ தாத்தா" என்று ஒருவர் இருப்பதாக அவரே சொன்னார். திங்கட்கிழமைக்குள் சரிசெய்து அலுமாரியில் வைத்துவிட்டால் பேச்சே எழாது என்று நான் யோசனை சொன்னேன். சனிக்கிழமை காலை கண்டியில் நான் ஏறிய பஸ்ஸில் மஹய்யாவயில் அவர் ஏறிக்கொண்டார். கைக்குட்டையில் சுற்றிய மீட்டர் என் மடியில் இருந்தது.

மூக்குக் கண்ணாடி போட்ட கிழவர் ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். கதவைத் திறந்தவர் தலையில் முக்காடு போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மடவளை முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனாலும் உறைக்கவில்லை. கூட வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

முன் அறையில் ஜன்னலோரம் அந்தப் பெண்ணின் பழுதுபார்க்கும் மேசை. அதன் ஒழுங்கைப் பார்த்ததும் என் ஸ்டோரை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கழற்றிய நான்கு திருகாணிகளையும் எந்த மூலையில் இருந்தனவோ அதே இடத்தில் ஓர் அட்டையில் குத்தி வைத்தார். மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்த்தார். உள்ளே மின்சுற்றுப் போர்டின் ஒரு மூலை கரியாகியிருந்தது. செம்புக் கோடு ஒன்று விரல் அகலத்துக்கு இல்லாமலே போயிருந்தது.

கரியை ஏன் சுரண்டுகிறார் என்று கேட்டேன். கரியிலும் மின்சாரம் ஓடும், அதை விட்டுவைத்தால் மீட்டர் பொய் சொல்லும் என்றார். சுரண்டி, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தடவிக் கழுவினார். திரும்பவும் சுரண்டினார். நல்ல போர்டின் பச்சை தெரியும் வரை நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு போர்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மறுபக்கக் கோடுகளைப் பார்த்து, எரிந்துபோன கோடு எங்கிருந்து எங்கே போயிருக்க வேண்டும் என்று தன் பிள்ளையின் பள்ளிக்கூடச் சதுரக் கொப்பியில் வரைந்தார். இரண்டு முறை அழித்து வரைந்தார். மூன்றாவது முறை வரைந்ததைத்தான் நம்பினார். ஒரு வயரைப் பிரித்து மயிரளவு செம்பு இழைகளை எடுத்து, முறுக்கி, படத்தில் இருந்த வளைவு மாறாமல் போர்டில் ஈயத்தால் பற்றவைத்தார். அத்தனை நேரமும் அந்தக் கை ஒருமுறைகூட அவசரப்படவில்லை.

பெட்டியின் மேல் மூடியைத் துடைக்கும்போதுதான் நிறுத்தினார்.

"இத யாரு எழுதி ஒட்டின?"

மூன்று ஓட்டைகளுக்கும் பக்கத்தில் மூன்று சிறு காகிதத் துண்டுகள். ஆங்கில எழுத்து எல்லோருக்கும் விளங்காது என்று நான்தான் அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். பொது. வோல்ட். மூன்றாவதில், ஆம்பியருக்கு, கரண்ட்.

நான்தான் என்றேன்.

"வீட்டுல லைட் அணைஞ்சா என்ன சொல்லுவீங்க?"

"கரண்ட் போச்சு என்போம்."

"அப்ப இவருகிட்ட கரண்ட் ஈக்குதா பாருங்கன்னு சொன்னா, இவரு எதுல சொருகுவாரு?"

ஆம்பியரில் அளப்பதுதான் கரண்ட், புத்தகப்படி நான் எழுதியது சரி. கண்டியில் வாயைத் திறந்து பேசும் எவருக்கும் அது பிழை. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் திருகாணி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இரண்டு நாளாகச் சொன்னது உண்மை. சரியான ஓட்டையில்தான் சொருகியிருந்தார்.

பிறகு சோதனை. டோர்ச் பட்டரி, கார் பட்டரி, ஏழெட்டு ரெசிஸ்டர்கள். ஒவ்வொன்றையும் தன் மீட்டரிலும் எங்கள் மீட்டரிலும் பார்த்துச் சொன்னார், நான் இரண்டு பத்திகளாக எழுதினேன். கடைசி எண்ணில்தான் வித்தியாசம் இருந்தது. வீட்டு மின்சாரத்தில் பார்க்கும் முன் ஒரு வயரின் நடுவில் சாதாரண பல்ப் ஒன்றை இணைத்தார். உள்ளே இன்னும் கோளாறு இருந்தால் மீட்டர் வெடிக்காது, பல்ப் எரியும். எல்லாம் சரியென்றால் பல்ப் எரியாது.

முனைகளை மஹய்யாவக்காரரிடம் நீட்டினார். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் அவற்றைத் தொடவில்லை.

"நான் புடிச்சா எனக்கு மட்டுந்தானே தெரியும். நீங்க புடிங்க."

அவர் பிடித்தார். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட் என்று காட்டியது. பல்ப் இருட்டாகவே இருந்தது. இதற்கு முன் ஒரு விளக்கு எரியாததைப் பார்த்து நான் மகிழ்ந்ததில்லை.

கரி படிந்த வெளி ஓரத்தையும் துடைத்துத் தந்தால் யாருக்கும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னேன். ரேடியோ தாத்தா ஆம்பியர் ஓட்டையை அடைக்கப் பசையை ஊற்றிக்கொண்டிருந்தார். அதன் உள்கம்பி பாதி உருகிவிட்டது, இனி அது காட்டும் எண்ணை நம்ப முடியாது என்றார்.

"தெரியணுந்தானே. இத நம்பித்தானே நாளைக்கு இன்னொருத்தர் கைய வெக்கிறது."

ஆக, சத்தமில்லாமல் அலுமாரியில் வைக்க வழியில்லாமல் போயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது, திங்கட்கிழமை நானே முதலில் பேசுவதாகச் சொன்னேன். "வேணாண்ணே, உங்களுக்கும் சேத்து ஏன்" என்றார். நான் கேட்கவில்லை.

பொறியியலாளர் யாழ்ப்பாணத்தவர், சொற்களை எண்ணிப் பேசுகிறவர். நான் நடந்ததை வரிசையாகச் சொல்லி, காகிதத் துண்டு என்னுடையது என்றேன். அவர் மீட்டரைத் திறந்து, போர்டை நெடுநேரம் பார்த்தார்.

"இதை ஆர் செய்தது?"

மடவளையில் ஒரு பெண் என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, பழுதென்று ஒதுக்கிய இரண்டு இயந்திர போர்டுகளை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அவையும் மடவளைக்குப் போகட்டும் என்றார். பிறகு மஹய்யாவக்காரர் பக்கம் திரும்பினார்.

"இனி ஆரும் கரண்ட் இருக்கோ பார் எண்டு சொன்னா என்ன செய்வீர்?"

"எந்தக் கரண்ட்னு கேப்பேன் சேர்."

"நான் சொன்னா?"

"உங்களையும் கேப்பேங்க."

பொறியியலாளர் படிவத்தை இழுத்து, நின்றபடியே இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டு என்னிடம் கோப்பில் போடக் கொடுத்தார். மின் பிரிவில் நிரந்தரமாக்கலாம் என்றிருந்தது. நான் படித்துச் சொல்வதற்குள் இரண்டாவது வரிசையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டதாக ஆள் வந்து கூப்பிட, மஹய்யாவக்காரர் மீட்டருக்குக் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவருக்குச் சொன்னேன்.