கருமண் மலையிலிருந்து வந்த குரல்

மிலோய்கா கெண்டா தேவாலயப் பாடகர் குழுவை விட்டு விலகியதற்குக் காரணம், பின்வரிசையில் நின்ற நால்வர் பாடாமல் வாயை மட்டும் அசைத்ததுதான். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாள். ஈஸ்டர் அன்று, கூட்டமெல்லாம் கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் அந்த நால்வர் வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மோட்டார் தொழிற்சாலையில் சோதனை மேசையில் வேலை. சலவை இயந்திரங்களுக்குப் போகும் மோட்டார்களை ஓடவிட்டு, எழும் சத்தத்தை வைத்தே எதில் கோளாறு என்று சொல்லிவிடுவாள். குழுவை விட்டதும் செவ்வாய்க்கிழமை மாலைகள் காலியாயின. அவள் ஊரான செர்க்னோவில், தீயணைப்புக் கூடத்தின் மாடியில் சொந்தக் கருவியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வானொலிக்காரர்களின் கழகம் ஒன்று வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. போய் உட்கார்ந்தாள், பரீட்சை எழுதினாள், உரிமம் வாங்கினாள். வானொலியில் வாயை மட்டும் அசைக்க முடியாது, ஒன்று குரல் போய்ச் சேரும், இல்லையென்றால் சேராது. இதில் ஏமாற்றுக்கு இடமில்லை என்று நம்பித்தான் அதில் இறங்கினாள்.

அந்த வட்டாரத்தில் வானொலிக்காரர்கள் ஞாயிறானால் மலையேறுவார்கள். உச்சிக்குப் போய், அங்கிருந்து மற்ற உச்சிகளில் இருப்பவர்களோடும் பள்ளத்தாக்கில் வீட்டில் இருப்பவர்களோடும் பேச வேண்டும். ஏறிய மலைக்கேற்பப் புள்ளி. ஆயிரம் புள்ளி சேர்த்தவருக்குக் கழகம் ‘மலையாடு’ என்று பட்டம் கொடுக்கும். நிபந்தனை ஒன்றுதான்: கருவி, பேட்டரி, ஆன்டெனா எல்லாவற்றையும் தன் முதுகில் சுமந்து, தன் காலால் ஏற வேண்டும்.

மிலோய்கா தன் ஆன்டெனாவைத் தானே செய்துகொண்டாள். மாடியில் நிற்கும் டிவி ஆன்டெனாவைப் போலத்தான், நடுவில் ஒரு தண்டு, குறுக்கே மூன்று கைகள். தண்டுக்கு பிவிசி குழாய். கைகளுக்குத் தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு இஞ்ச் டேப்பை வெட்டிப் போட்டிருந்தாள். மடக்கிக் கட்டினால் முதுகுப் பையின் பக்கத்தில் அடங்கிவிடும், அவிழ்த்தால் டணங்கென்று விறைத்து நிற்கும். எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம் காது கூர்மையாகும், பக்கவாட்டில் கிட்டத்தட்டச் செவிடு. பாதையில் எதிர்ப்படுகிறவர்கள், “உச்சியில மேட்ச் பாக்கப் போறீங்களாம்மா?” என்று கேட்பார்கள். பதினாறு வருடமாக இதே நகைச்சுவை.

கழகத்தில் மலையாடு பட்டம் வைத்திருந்தவர் ஒருவர்தான், ஸ்வோன்கோ லிபூஷ்செக். மர ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் பெரிது, குரலும் பெரிது. வேட்டைக்காரர் சங்கத்திலும் இருந்ததால் காட்டுப் பாதையின் தடுப்புக் கட்டைக்கு அவரிடம் சாவி இருந்தது. ஒரு முறை மிலோய்கா மூன்று மணி நேரம் நடந்து பிளேகோஷ் உச்சிக்குப் பக்கத்தில் வந்தபோது, மேல் வளைவில் அவருடைய ஜீப் நிற்பதைப் பார்த்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒயர். உள்ளே ஸ்வோன்கோ பன்றித் தொத்திறைச்சியைக் கடித்துக்கொண்டே, “மேல காத்து பலமா அடிக்குது, கை விறைச்சுப் போச்சு” என்று ஒலிவாங்கியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தொத்திறைச்சியை உயர்த்திக் காட்டிக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நானும் நீயும் ஒன்று என்பதைப் போல.

கழகத் தலைவர் போகோமிரிடம் போய்ச் சொன்னாள்.

“அவருக்கு முட்டி வலி, மிலோய்கா. விடு” என்றார் போகோமிர்.

“முட்டி வலின்னா வீட்டுல இருந்து பேசட்டுமே. யாரு வேணாங்கறா?”

“இதெல்லாம் ஒரு விளையாட்டு. ஊரு சின்னது. தினம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணும்.”

இரண்டு வாரம் கழித்துத் தீயணைப்பு வீரர் விருந்தில் அதே முட்டியோடு ஸ்வோன்கோ நான்கு பாட்டுக்கு விடாமல் போல்கா ஆடினார். போகோமிர் கை தட்டினார்.

விஷயம் நடந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஜூன் மாத ஞாயிறு ஒன்றில். மிலோய்கா காலையிலேயே பொரேஸென் மலை உச்சிக்கு வந்துவிட்டாள். அங்கே பார்வையாளர் கையெழுத்துப் போடும் நோட்டு இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வாழைப்பழத் தோல், கசங்கிய பியர் டப்பா, மூக்குச் சிந்திய காகிதம். நோட்டின் ஓரம் ஊறி நாறியது. பாறைக்குப் பின்னால் இன்னும் மோசம். ஒரு குச்சியால் அத்தனையையும் வழித்துப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, காற்று வரும் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து ஆன்டெனாவை விரித்தாள்.

எல்லோரும் காது வைத்திருக்கும் பொது அலைவரிசை ஒன்று உண்டு. அதில் கூப்பிட்டு, ஆள் கிடைத்ததும் இருவரும் வேறு அலைவரிசைக்கு ஒதுங்கிப் பேசிவிட்டு, பொது இடத்தைக் காலியாக விட வேண்டும். மிலோய்கா அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். ஸ்வோன்கோ அப்படிச் செய்வதில்லை. கிழக்கே பிளேகோஷில், ஜீப்பின் பலத்தோடு, பொது அலைவரிசையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையாக ஆட்கள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு முறை பொது அலைவரிசைக்குத் திரும்பும்போதும், ஸ்வோன்கோ மூச்சு வாங்கும் இடைவெளியில் ஏதோ ஒன்று கீறிக்கொண்டிருந்தது. குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பேட்டரி தீர்ந்த கைக்கருவியை வைத்துக்கொண்டு எவனோ விளையாடுகிறான் என்று அவள் எரிச்சல்பட்டாள். அவளுக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள். ஏழு பேரிடம் பேசி முடித்தாள். பத்து நிமிடம் போயிருக்கும்.

பிறகு வடக்குப் பக்கத்து நண்பர் ஒருவரைக் கூப்பிடலாமென்று ஆன்டெனாவைத் திருப்பினாள். அது எதிரே இருந்த கருமண் மலையை நோக்கி நின்றது. ஸ்வோன்கோவின் குரல் சட்டென்று அடங்கியது. அடியிலிருந்து ஒரு மனிதக் குரல் மேலே வந்தது.

“…கால்… நகர முடியல… யாராவது…”

அவள் பொத்தானை அழுத்தினாள். “கேக்குது. எங்க இருக்கீங்க? பேரு என்ன?”

“எட்வின்… கருமண் மலை… குறுக்கு வழின்னு இறங்கி…” அதற்கு மேல் ஸ்வோன்கோவின் குரல் ஏறி மிதித்துவிட்டது. யாருக்கோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி அவரைக் கூப்பிட்டாள். “ஸ்வோன்கோ, நிறுத்துங்க. கருமண் மலையில ஒருத்தர் அடிபட்டுக் கிடக்காரு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“எனக்குக் கேக்குது. அலைவரிசைய விடுங்க.”

“இன்னும் பன்னெண்டு பேர் வரிசையில நிக்கிறாங்க, மிலோய்கா. முடிச்சிட்டு விடறேன்.”

“இப்பவே விடுங்க. அவரு பேட்டரி போயிட்டிருக்கு.”

“உங்க அப்பன் வீட்டு அலைவரிசையா இது? நீ வேற பக்கம் போய்ப் பேசு, போ.”

அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆளும் வந்தார். அதுதான் அவளுக்கு நம்ப முடியாமல் இருந்தது. அத்தனையும் தெரிந்த குரல்கள். தபால்காரர் வந்தார், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் வந்தார், அவளோடு ஒரே வகுப்பில் உரிமம் வாங்கியவள் வந்தாள். எல்லோரும் அவள் சொன்னதைக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் தங்கள் புள்ளியை வாங்கிக்கொண்டு, “நல்ல ஞாயிறா அமையட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மிலோய்கா காறித் துப்பினாள். பிறகு இன்னொரு முறை கேட்பதை விட்டுவிட்டாள். ஆன்டெனாவை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, ஸ்வோன்கோ அதன் செவிட்டுப் பக்கத்தில் விழும்படி பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் ஆன்டெனா, ஒரு கையில் கருவி. அவசர எண்ணைக் கூப்பிட மூன்றாவது கை வேண்டும். பத்தடி தள்ளி, தலைநகர் லுப்லியானாவிலிருந்து வந்த கணவன் மனைவி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் என் போனை என் காதுல வச்சுப் பிடிக்கறீங்களா? ஆபத்துல ஒருத்தர் இருக்காரு.”

“நாங்க அமைதிக்காகத்தாம்மா மலைக்கு வர்றோம். காலையிலேர்ந்து நீங்க கத்திக்கிட்டே இருக்கீங்க” என்றார் கணவர். மனைவி ரொட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் போனைப் பிடித்தாள்.

மீட்புக்காரர்கள் இடம் கேட்டார்கள். எட்வினுக்கு இடம் தெரியவில்லை. சாம்பல் நிறப் பாறை, ஈரப் புல், சரிவு. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு பேச்சும் குழறியது.

“பேச வேணாம். பொத்தானை மட்டும் அழுத்துங்க. மூணு தடவை அழுத்தி விடுங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் அதையே செய்யுங்க.”

அவர் அழுத்தினார். கருவியின் இரைச்சலில் மூன்று சிறு அடைப்புகளாக அது வந்தது. ஆன்டெனாவை இடமும் வலமும் ஆட்டி, அது எங்கே மங்குகிறது, எங்கே எழுகிறது என்று கேட்டாள். சோதனை மேசையில் மோட்டாரைக் கேட்கும் அதே காது. பிறகு குழாய்த் தண்டோடு கண்ணை வைத்துப் பார்த்தாள். எதிரே சரிவில் இரண்டு ஓடைப் பள்ளங்கள். தண்டு இடது பள்ளத்தைக் காட்டியது, பீச் மரங்கள் சரிந்து கிடந்த இடத்துக்கு மேலே.

“இடது பள்ளம். விழுந்த மரங்களுக்கு நூறு மீட்டர் மேல” என்றாள் போனில்.

முக்கால் மணியில் ஹெலிகாப்டர் வந்தது. லுப்லியானாக் கணவர் எழுந்து நின்று படம் பிடித்தார். மிலோய்கா ஆன்டெனாவைக் கீழே போட்ட அந்த நேரத்தில் பொது அலைவரிசையில் ஸ்வோன்கோவின் குரல் முழங்கியது.

“எல்லாரும் கவனிங்க. மீட்புப் பணி நடக்குது. இந்த அலைவரிசைய என் பொறுப்புல எடுத்துக்கறேன். யாரும் குறுக்க பேசாதீங்க. அடிபட்ட நண்பரே, தைரியமா இருங்க. உதவி வந்துக்கிட்டே இருக்கு.”

அவருடைய பன்னிரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள்.

எட்வின் கோச்யான்சிச் கடற்கரைப் பக்கத்து ஆள், அறுபத்து மூன்று வயது. உரிமம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தொடை எலும்பு முறிந்திருந்தது, பிழைத்துக்கொண்டார். செப்டம்பரில் ஊன்றுகோலோடு கழகத்தின் ஞாயிறு மதிய விருந்துக்கு வந்தார். கையில் ஆலிவ் மரத்தில் கடைந்த ஒரு தட்டு. அதில் ஸ்வோன்கோவின் பெயர் செதுக்கப்பட்டிருந்தது.

“பள்ளத்துல கிடந்தப்ப எனக்குத் தெளிவாக் கேட்டது இவரு குரல் ஒண்ணுதான். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உசுரோட இருந்தேன்” என்றார். ஸ்வோன்கோ அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நிஜக் கண்ணீர். மிலோய்கா அந்தக் கண்ணீர் மீசைக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, தன் தட்டிலிருந்த வாற்கோதுமைக் கஞ்சியைத் தள்ளி வைத்தாள். எழுந்தாள். பலத்த சத்தம் மெல்லிய சத்தத்தை விழுங்கும், அதில் எட்வின் மேல் குற்றமில்லை. ஆனால் இந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

“நான் நிறுத்தச் சொன்னப்புறம் இவரு பன்னெண்டு பேரோட பேசினாரு. அந்தப் பன்னெண்டு பேர்ல ஒன்பது பேர் இங்க உக்காந்திருக்கீங்க” என்றாள்.

கணக்கு வாத்தியார் ரொட்டியைப் பிய்த்தார்.

“மிலோய்கா, இன்னிக்கு வேணாம். கஞ்சி ஆறுது” என்றார் போகோமிர்.

ஸ்வோன்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “நீ மட்டும் என்ன யோக்கியம்? அந்தக் கீச்சுச் சத்தம் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துக்கிட்டிருந்துச்சே. நீயுந்தான் பதில் சொல்லல.”

கூடம் முழுவதும் மிலோய்காவைப் பார்த்தது. அவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவளோ அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. அந்தப் பத்து நிமிடத்தை ஜூன் முதல் அவள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தாள். அங்கிருந்தவர்கள் மேல் எவ்வளவு அருவருப்போ, அதே அளவு தன் மேலும் வந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அந்த வாரமே கழகத்திலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தாள்.

அக்டோபரில் ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது, தொழிற்சாலை வாசலில் எட்வின் நின்றிருந்தார்.

“அவரு அன்னிக்குச் சொன்னதையே நினைச்சுக்கிட்டிருந்தேம்மா. பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துச்சுன்னு சொன்னாரே. அப்ப அவருக்கும் கேட்டிருக்கு.”

“ஆமா.”

“நடுவுல ஒரு பொம்பளக் குரல், துண்டு துண்டா, பொத்தானை அழுத்துன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பிரமைன்னு நெனச்சேன். நீங்கதானா அது?”

“நான்தான்.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். கழகத்துக்கு எழுதியது. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை, அதற்கு மனம் வரவில்லை என்றார். மிலோய்கா நின்றபடியே படித்தாள். ‘என் குரல் கேட்டதும் உடனே பதில் சொன்னவர் இவர்’ என்ற வரியில் நின்றாள். பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, ‘உடனே’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘பத்து நிமிடம் கழித்து’ என்று எழுதினாள்.

“இது உங்களுக்கு நல்லா இல்லையேம்மா” என்றார் எட்வின்.

“நல்லா இல்லதான்” என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

கடிதம் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் இருந்ததாம். பிறகு அதன் மேலேயே தீயணைப்பு வீரர்களின் தொத்திறைச்சி விருந்து அறிவிப்பைக் குத்திவிட்டார்களாம். போகோமிரின் மனைவி கடையில் வைத்து இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, நீ வருவாய்தானே என்று கேட்டாள். மிலோய்கா பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.