பெர்மிட் இல்லாத அணுகுண்டு

அணு ஆயுதத்தால் உலகத்துக்கு நன்மையே என்று ஒருமுறை நான் மேடையேறிப் பேசியிருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பொங்கல் விழா, பாலாய் ராயா மண்டபத்தில் பட்டிமன்றம், பேசுகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஹேம்பர். ஒரு பிஸ்கட் டின்னையும் ஒரு பாட்டில் சர்பத்தையும் கூடையில் வைத்துப் பளபளப்புத் தாள் சுற்றித் தருவார்கள் என்றால் நான் கொசுவுக்கு ஆதரவாகக்கூடப் பேசுவேன்.

முந்தைய ஆண்டுத் தலைப்பு, வயதான காலத்தில் பெற்றோரைப் பார்த்துக்கொள்வது மகனா மகளா என்பது. அது வினையாகிவிட்டது. பேச்சாளர் ஒருவரின் மருமகள் பாதியில் எழுந்து போனார். இரண்டு குடும்பங்கள் இன்றுவரை ஒரே பந்தியில் உட்காருவதில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் நொந்துபோய், யார் மனமும் புண்படாத தலைப்பாக யோசித்து அணு ஆயுதத்தில் வந்து நின்றார்.

"இந்தத் தாமான்ல யாருகிட்டயும் அணுகுண்டு இல்லலா. யாருக்கும் கோவம் வராது" என்றார்.

பாவம், அவருக்கு எங்கள் பின்சந்து நிலவரம் தெரியாது.

ஜோகூரில் தெப்ராவ் பக்கத்தில் எங்களுடையது வரிசை வீடு. வாங்கும்போது பின்பக்கம் துணி காயப்போடக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கும் தமிழனையோ சீனனையோ மலாய்க்காரனையோ நான் பார்த்ததில்லை. சாவி கைக்கு வந்த சூட்டோடு சிமெண்டு லாரி வந்துவிடும். நகராண்மைக் கழகத்துக்கு, அதாவது நாங்கள் மாஜ்லிஸ் என்று சொல்லும் அந்த அலுவலகத்துக்கு, வரைபடம் அனுப்பிப் பெர்மிட் வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அனுப்புவதில்லை.

நானும் அப்படித்தான் ஓர் அறை கட்டினேன். என் மாமனாருக்காக. அவர் சிகாமட்டில் ஆற்றோரம் இருந்தவர், தோட்டத்து லாரி ஓட்டியவர். வெள்ளத்தில் அவர் வீட்டு மெத்தை கூரைவரை மிதந்தது. அதைக் காயவைத்து மறுபடி விரித்த வருடமே மறுபடி மிதந்தது. பிறகு ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. என் மச்சான் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறார். அப்பாவை அழைத்துக்கொள்ளலாம், ஆனால் லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போகிறது என்றார். என் வீட்டில் லிஃப்ட் இல்லை, ஆகவே கெட்டுப்போகவும் வழியில்லை. படுக்கையறைகள் மாடியில், சக்கர நாற்காலி ஏறாது. கீழே பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் கட்டினோம். அந்த அறை இருக்கும்வரைதான் அவர் எங்களோடு. அது போனால் முதியோர் இல்லம்தான், வேறு வழியே கிடையாது. என் மனைவி இதை வாயால் சொன்னதில்லை. அறையைக் கூட்டும்போது முகத்தைப் பார்த்தால் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் போய் செக்யூரிட்டி சூப்பர்வைசராக நிற்பவர். அவரும் சமையலறையைச் சாக்கடை ஓரம்வரை நீட்டி, வழவழவென்று டைல் பதித்திருந்தார். அவரும் பெர்மிட் வாங்கவில்லை. எங்களில் யார் மூத்தவர் என்று இன்றுவரை முடிவாகவில்லை. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அண்ணே என்பேன், இருவருமே தம்பியாக இருக்கவே ஆசைப்பட்டோம்.

ஒரு மழைக்காலத்தில் சுவருக்கு மேலே அவர் தலை முளைத்தது.

"அண்ணே, ஒங்க கூரைத் தண்ணி நேரா என் குசினிக்குள்ள வருது. ஒரு போன் போட்டா போதும், மாஜ்லிஸ் வந்து அந்த ரூம ஒடச்சிரும், தெரியும்ல?"

"போடுங்கண்ணே. வர்றவங்க ஒங்க குசினியையும் பாத்துட்டுத்தான் போவாங்க."

சொன்னதோடு நிற்காமல் அவர் சமையலறையை ஒரு படம் எடுத்தேன். அவர் என் அறையை எடுத்தார். இரண்டு பேரும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் சந்தில் நிலவிய அமைதியைப் போல் அமைதி எங்கும் கிடையாது. நான் கூரைக்குத் தகரப் பீலி வைத்தேன். அவர் தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினார். நாங்கள் கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பினோம். வருடங்கள் ஓடின. படங்கள் பத்திரமாக இருந்தன.

பட்டிமன்றத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது எனக்கு நன்மை வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தீமை. நான் மகிழ்ந்துபோனேன். அனுபவத்தில் பேசலாம் அல்லவா?

"வல்லரசுகள் முறைத்துக்கொள்கின்றன, திட்டிக்கொள்கின்றன. நேருக்கு நேர் அடித்துக்கொண்டனவா? இல்லை. ஏன்? அடித்தால் இரண்டு பேரும் சாம்பல்!" என்று முழங்கினேன். கைதட்டல் வந்தது. கைதட்டல் வந்தால் எனக்கு நாக்கு நிற்காது. "அவ்வளவு தூரம் எதற்கு? இந்தத் தாமானில் பெர்மிட் இல்லாத அறை எத்தனை? யாராவது யாரையாவது காட்டிக்கொடுத்தோமா? எல்லார் கையிலும் ஒரு குண்டு இருக்கிறது ஐயா, அதனால்தான் எல்லாரும் உறவாக இருக்கிறோம்!"

மண்டபம் முதலில் சிரித்தது. பிறகு பாதிப் பேர் தங்கள் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். தீமை அணியில் ஒருவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முறை வந்தது. செந்தமிழ் எல்லாம் அவருக்கு ஆகாது. மைக்கைப் பிடித்து வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"ஜப்பான்ல ரெண்டு ஊர்ல அந்தக் குண்டு விழுந்துச்சு. வேலைக்குப் போனவங்க, ஸ்கூலுக்குப் போன பிள்ளைங்க, அவங்க யாரு கையிலயாவது பட்டன் இருந்துச்சா? பெரிய நாடு பெரிய நாட்டோட மோதலயாம். சரி. சின்ன நாட்டுல போய் மோதுறாங்களே, அதுக்குப் பேரு சமாதானமா? இன்னொண்ணு. யாரும் அவசரப்பட மாட்டாங்க, மெஷின் கெட்டுப்போவாதுன்னு நம்பணுமாம். நான் தெனம் பாலத்துல நிக்கிறேன். பாஸ்போர்ட் மெஷினே ஒழுங்கா வேலை செய்யலலா!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டினார்கள். ஜோகூரில் பாலத்தைத் திட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டு விழும். கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"பக்கத்து வீட்டுக்காரர் பயத்துலதான் நல்லவரா இருக்காருன்னா, அவர நல்லவர்னு எப்படிச் சொல்றது?"

நடுவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சாப்பாட்டு வாசனை வந்துவிட்டதால் இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்ற வழக்கமான வரியைச் சொல்லித் தீமைக்கே தீர்ப்பளித்தார். அதில் எனக்கு வருத்தமில்லை, ஹேம்பர் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அந்தக் கடைசிக் கேள்விதான் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து பிஸ்கட்டைத் தின்று தீர்த்து, டின்னைப் பின்பக்கம் போட்டேன். அந்த வருடம் முறுக்கு வருமா என்ற சந்தேகம் அப்போதே வந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை. எனக்குத் தொழிற்சாலையில் மதிய ஷிஃப்ட், மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பின்சந்தில் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அடையாள அட்டை தொங்கவிட்ட ஓர் அதிகாரி, கையில் டார்ச், என் அறையின் பின்சுவர் ஓரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கூட வந்தவரிடம் மலாயில் உரக்கச் சொன்னார்.

"பெலாக்காங் இனி கெனா புவாங். செமுவா."

பின்னால் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டும், எல்லாவற்றையும். அலமாக், போட்டுவிட்டான்! முறுக்குக் கொடுத்த கையாலேயே போட்டுவிட்டான்! மேடையில் நான் சொன்னதற்குப் பழிவாங்கிவிட்டான்!

இந்த மாதிரி நேரத்தில் வல்லரசு என்ன செய்யும்? நானும் அதையே செய்தேன். மாஜ்லிஸ் புகார் எண்ணை அழுத்தினேன். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், காத்திருக்கவும் என்று ஒரு பெண் குரல், பிறகு வாத்திய இசை. உலகப் போரைத் தொடங்கலாம் என்றால் அதற்கும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு முகவரியை வாயில் தயாராக வைத்துக்கொண்டு, சுவர் ஓரமாக அப்படியும் இப்படியும் நடந்தேன்.

நடக்க நடக்க ஒன்று உறைத்தது. அந்த இசை என் வலக்காதில் மட்டும் கேட்கவில்லை, இடக்காதிலும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

எக்கிப் பார்த்தேன். எம்சி என்னும் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர், கைலியோடு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, என்னைப் போலவே நடந்துகொண்டிருந்தார்.

"நீங்கதானேண்ணே போட்டீங்க?" என்றேன்.

"என்னக் கேக்குறீங்களா? நீங்கதானே மேடையில எல்லார் முன்னாடியும் போட்டு ஒடச்சீங்க! என் குசினியப் போட்டோ எடுத்துட்டுப் போறான் பாருங்க!"

"என் ரூமத்தானே எடுக்கிறான்!"

எங்கள் சத்தத்தில் அதிகாரியே வந்துவிட்டார். சுகாதாரப் பிரிவாம். டிங்கிக் காய்ச்சல் வந்ததால் சந்து முழுக்கக் கொசுப் புழு தேடுகிறார்களாம். பின்பக்கம் தண்ணீர் தேங்கிய சாமான் அத்தனையையும் எறிய வேண்டும் என்றுதான் சொன்னாராம். சான்றாக என் பக்கமிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அணு ஆயுதத்துக்கு ஆதரவாகப் பேசி நான் வாங்கிய பிஸ்கட் டின். மழைத் தண்ணீரில் புழுக்கள் குதியாட்டம் போட்டன.

அந்த நேரம் பார்த்து என் போனில் இசை நின்றது. வணக்கம் சொல்லி, என்ன புகார் என்று ஒரு பெண் கேட்டாள். ஒன்றுமில்லை, தவறான எண் என்று வைத்தேன். அந்தப் பக்கமும் அதையே சொல்வது கேட்டது. பிறகு சிரித்தோம் பாருங்கள், அதிகாரி பயந்து அபராதம் எழுதாமலே போய்விட்டார். "தே ஓ குடிக்க வாங்கண்ணே" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பால் கலக்காத தேநீருக்கு அழைத்துவிட்டு, சிரிப்பு அடங்காமலே மாமனாரிடம் கதையைச் சொல்ல அறைக்குள் போனேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டிருந்தார். ஒரு கையால் பொத்தானை எப்படி மாட்டினாரோ, ஒன்று மாறி ஒன்றில் இருந்தது. மடியில் ஒரு துணிப்பை.

"எங்க மாப்ள போறோம்?" என்றார். "பெலாக்காங் கெனா புவாங்னு சொன்னாங்களே, கேட்டுச்சு."

"ஐயோ மாமா, அது கொசுவுக்கு. டின்னுல தண்ணி இருந்துச்சு, அத எறியச் சொன்னாரு. ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லல."

"ஓ" என்றார். நம்பினாரா தெரியவில்லை.

பையை வாங்கிக் கீழே வைத்தேன். உள்ளே இரண்டு கைலி, ஜெபமாலை, ஐசி என்னும் அடையாள அட்டை, கிளினிக் அட்டை. எல்லாம் நேர்த்தியாக மடித்திருந்தது. ஒரு கையால் ஒரு காலையில் செய்யக்கூடிய வேலை இல்லை.

"இதெல்லாம் எப்ப மாமா எடுத்து வச்சீங்க?"

"இன்னைக்கு இல்ல. பக்கத்து வீட்டுக்காரரு ஒரு போன் போட்டா போதும்னு சொன்னாரே, அன்னைக்கே. கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. சன்னல் பக்கத்துலதானே படுத்திருக்கேன், நீங்க பேசுறது எல்லாம் கேக்கும்." மாறி மாட்டிய பொத்தானைத் தடவினார். "மக போன்ல ஒங்க பேச்சக் காட்டுச்சு. நல்லா பேசுனீங்க மாப்ள. குண்டு இருந்தா சண்ட வராதுன்னீங்க. நெசந்தான், வரல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை தீபாவளி முறுக்கையும் அத்தனை கிறிஸ்துமஸ் கேக்கையும் இந்தப் பைக்கு மேலே உட்கார்ந்துதான் அவர் தின்றிருக்கிறார்.

தே ஓ குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரை அறை வாசலுக்கே அழைத்துவந்தேன். பையைக் காட்டி, அது என்றிலிருந்து தயாராக இருக்கிறது என்று சொன்னேன். அவர் போனை எடுத்துப் பழைய படத்தைத் தேடி என் கண் முன்னால் அழித்தார். நானும் என்னுடையதை அழித்தேன். அழித்த படம் போனுக்குள்ளேயே இன்னொரு மூலையில் ஒரு மாதம்போலக் கிடக்கும், வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அங்கேயும் போய் அழித்தோம்.

அவர் போனபின் மாமனாரிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் போட்டோவ அழிச்சிட்டோம் மாமா. இனிமே யாரும் இந்த ரூமத் தொட மாட்டாங்க. பைய நான் பிரிச்சு அலமாரியில வைக்கிறேன்."

"சந்தோஷம் மாப்ள" என்றார். பிறகு நல்ல காலால் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "இது இங்கயே இருக்கட்டும்."