டைம் ஆபீஸ் அக்காவின் அறுபத்தொரு கதவுகள்

எங்கள் குடியிருப்பில் மூன்று தளங்கள், அறுபத்திரண்டு அறைகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மட்டும் இருக்கிற இடம். ஓய்வு என்று பெயர்தானே தவிர, பழைய வேலையை யாரும் விட்டதாகத் தெரியவில்லை. பேங்க் மேனேஜர் இன்னும் எல்லாரையும் கடன் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார். தையல்காரர் எதிரே வருகிறவரின் காலரைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். நான் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன். அதனால் இங்கே என் பெயரே மீட்டர்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர் உண்டு. டைம் ஆபீஸ் அக்கா. ஒரு நூல் மில்லின் வாசலில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், முப்பத்திநான்கு வருடம் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், வெளியே போனார் என்று குறித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஷிப்டுக்கு நடுவுல நேரம் கெடைக்கல" என்பார். எழுபத்திரண்டு வயதிலும் படி ஏறும்போது கைப்பிடியைத் தொடமாட்டார். எங்கள் கிளப்புக்கு அவர்தான் செயலாளர். கேரம் போட்டி என்றால் நான்கு மணிக்குக் காயை அடித்தாக வேண்டும். நான்கு ஐந்துக்கு வருகிறவருக்கு நாற்காலி கிடையாது. அவருக்குப் பயந்து நான் கைக்கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தேன்.

தொற்று வந்து ஊரடங்கு போட்டதும் கிளப் அறையைப் பூட்டிவிட்டார்கள். அக்கா அன்று மாலையே ஏழு பேரைச் சேர்த்து தொண்டர் குழு என்று அறிவித்தார். என்னை யாரும் கேட்கவில்லை, பட்டியலில் பெயர் இருந்தது. காலையில் பால்கனியில் உடற்பயிற்சி, அக்கா கீழே முற்றத்தில் நின்று விசில் ஊதுவார். பதினொரு மணிக்குப் போனில் வினாடி வினா. மதியம் தள்ளுவண்டியில் புத்தகங்கள், திரும்பி வந்தவை மூன்று நாள் அட்டைப்பெட்டியில் தனியாக இருக்க வேண்டும். வீட்டில் சும்மா கிட என்று அரசாங்கமே சொல்லியும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இரண்டாவது வாரம் கணக்கு வாத்தியார் செத்துப்போனார். தொற்றினால் அல்ல. குளியலறையில் விழுந்து, இரண்டு நாள் அங்கேயே கிடந்திருக்கிறார். கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்த நாட்கள். யார் எப்படி இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் வினாடி வினாவுக்காக அக்கா அவருக்குப் போன் செய்திருக்கிறார், அவர் எடுக்கவில்லை.

"வரலைன்னு எழுதிட்டு அடுத்த ஆளுக்குப் போன் போட்டேன் தம்பி. ரெண்டு நாளும் அதையேதான் செஞ்சேன். ஆப்சென்ட் போட்டேனே தவிர, ஏன் வரலைன்னு பாக்கல" என்று என்னிடம் சொன்னார். அழவில்லை. முகம்தான் கல்லாகிவிட்டது.

அதற்கப்புறம் அவருக்கு ஒரே குறி. இனிமேல் இந்தக் கட்டடத்தில் ஒருவரும் சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடக்கக்கூடாது. விசில், வினாடி வினா, புத்தக வண்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் எங்கள் தலையில் கட்டிவிட்டு, அட்டைத் திட்டத்தோடு வந்து நின்றார்.

திட்டம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அறுபத்தொரு கதவிலும் ஒரு அட்டை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. மாலை ஆறு மணிக்குத் தொண்டர்கள் நடந்து போய் எல்லாவற்றையும் சிவப்பாக்குவோம். மறுநாள் காலை எட்டு மணிக்குள் அறைக்காரர் தானே கதவைத் திறந்து பச்சைக்குத் திருப்ப வேண்டும். எட்டுக்கு மேல் சிவப்பு தொங்கினால் நாங்கள் தட்டுவோம். திறக்காவிட்டால் காவலாளியிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. கீழ்த்தளம் அக்காவுக்கு, முதல் மாடி தையல்காரருக்கு, அக்காவின் அறை இருந்த இரண்டாம் மாடி எனக்கு.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஆரம்பித்தது கூத்து. பேங்க் மேனேஜர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். "நான் உயிரோட இருக்கேன்னு தினம் ஒரு கிளார்க்குக்கு ரிப்போர்ட் பண்ணணுமா?" என்றார். இன்னொருவர் சிவப்புப் பக்கத்தின் மேலும் பச்சைத் தாளை ஒட்டிவிட்டார். இரண்டாம் மாடியில் பாதிப் பேர், நான் ஆறு மணிக்குச் சிவப்பாக்கிவிட்டு முதுகைக் காட்டியதும் கதவைத் திறந்து பச்சையாக்கிவிடுவார்கள். காலையில் தூக்கம் கெடக்கூடாதாம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தலைவலி, கருணை உள்ளம் கொண்டவர்கள். அக்காவின் அறைக்கு எதிர் அறையில் ஒரு நர்ஸம்மா இருந்தார், பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை ஆறு மணிக்கு எழுந்து வராந்தாவில் நடக்கும்போதே, போகிற வழியில் நாலைந்து கதவுகளில் பச்சையைத் திருப்பிவிட்டுப் போவார். அக்கா ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"பாவம்க்கா, மூட்டு வலிக்காரங்க. எழுந்து வந்து திருப்புறதுக்குள்ள எட்டரை ஆயிடும். லேட்டானா நீங்க திட்டுவீங்கன்னு பயப்படுறாங்க."

"நான் திட்டுறது பெருசா, அவங்க உயிரு பெருசா? மில்லுல அடுத்தவனுக்கு ப்ராக்ஸி போட்டா ஒரு நாள் ஆப்சென்ட்டோட போயிடும். இங்க ஆளே போயிடும். புரியுதா உங்களுக்கு?"

நர்ஸம்மா தலையாட்டினார். மறுநாள் வேறு ஒருவர் திருப்பினார். நாற்பது வருடம் ஆபீஸ்களில் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டு வளர்ந்த கூட்டம் இது. லேட்டாக வருகிறவனைக் காட்டிக்கொடுப்பது பாவம் என்று ரத்தத்தில் ஊறிவிட்டது. அக்கா கரடியாகக் கத்தினார், யாரும் சட்டை செய்யவில்லை.

எனக்கு இரண்டு பக்கமும் எரிச்சல். இவர்கள் செய்வது முட்டாள்தனம் என்று தெரியும். ஆனால் தினமும் காலையில் அக்காவிடம் போய், "இருபத்தோரு பச்சை, அதுல எட்டு சந்தேகம்" என்று ஒப்பிப்பதும், "சந்தேகம்னா தட்ட வேண்டியதுதானே?" என்று வாங்கிக் கட்டிக்கொள்வதும் எனக்கு வெறுத்துப்போனது. தட்டினால் உள்ளேயிருந்து வசவு, தட்டாவிட்டால் வெளியே வசவு.

கடைசியில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். ஆறடிக்கு ஒரு நாற்காலி, எல்லார் வாயிலும் முகக்கவசம், பாதிப் பேருக்குக் காது கேட்காது. என்னுடைய காது மெஷினை முகக்கவசத்தின் நாடா இழுத்து இழுத்துக் கீழே தள்ளியதால், நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அப்போதெல்லாம் நடமாடினேன். ஆகவே கூட்டத்தில் யார் என்ன கத்தினார்கள் என்று முழுதாகத் தெரியாது. மேனேஜர் எழுந்து கையை நீட்டி நீட்டிப் பேசினார். அட்டைத் திட்டத்தை நிறுத்துவதற்கு எத்தனை பேர் சம்மதம் என்று கேட்டபோது முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையைத் தூக்கவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா எழுந்தார். அவர் பேசியது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"சரி. நாளைலேருந்து நான் வரல. உங்க கதவு, உங்க உயிரு. நீங்களே பாத்துக்கோங்க."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறிப் போனார். பின்னாலேயே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தையல்காரர்தான் என் தோளைத் தட்டி, "இவங்க என்ன சொன்னாலும் ஒரு வாரமாவது ஓட்டுவோம், அக்கா அப்புறம் சமாதானம் ஆயிடுவாங்க" என்றார். வழக்கம்போல ஆறு மணிக்கு அட்டைகளைச் சிவப்பாக்கினோம்.

மறுநாள் காலை எட்டு பத்துக்கு நான் அக்காவின் கதவுக்கு முன்னால் நின்றேன். சிவப்பு தொங்கியது.

அந்த அறையில் எட்டுக்கு மேல் சிவப்பை நான் பார்த்ததே இல்லை. ஏழரைக்கே பச்சையாகிவிடும். நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை, வீம்புக்கு அட்டையைத் திருப்பாமல் கிடக்கிறார் என்று நினைத்தேன். தட்டினால் நேற்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். எதிர் அறை நர்ஸம்மா இதைப் பார்த்தால், சட்டம் போட்டவரின் கதவிலேயே சிவப்பு என்று கட்டடம் முழுக்கச் சிரிப்பாகிவிடும் என்றும் நினைத்தேன். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றிருப்பேன். பிறகு அட்டையைப் பச்சைக்குத் திருப்பிவிட்டு அடுத்த கதவுக்குப் போனேன். காது மெஷின் பையில் இருந்தது.

அக்கா அன்று கீழே வரவில்லை. யாரும் தேடவும் இல்லை. வரமாட்டேன் என்று அவர்தானே சொல்லியிருந்தார். கதவிலும் பச்சை. மதியம் மூன்றே முக்காலுக்குத் தையல்காரர் புத்தக வண்டியோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. போன் செய்தார், மணி உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. காவலாளி சாவியோடு ஓடினார், பின்னாலேயே நாங்கள்.

கதவை ஒட்டித்தான் குளியலறை. அதன் வாசலில் கிடந்தார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. உதடு வெடித்து, பேச்சு வராமல், கண் மட்டும் எங்கள் ஒவ்வொருவர் மேலும் போய் வந்தது. ஏழேகாலுக்கு விழுந்ததாகப் பிறகு தெரிந்தது. எட்டரை மணி நேரம். ஆம்புலன்ஸில் உடன் போக யாரையும் விடவில்லை.

அன்று மாலையே கட்டடம் முழுக்க ஒரே கேள்வி. விழுந்து கிடந்தவரின் கதவில் பச்சையைத் திருப்பியது யார்? எல்லார் விரலும் எதிர் அறையைத்தான் காட்டியது. நர்ஸம்மா தொண்டை வறள, "நான் தொடலைங்க, இன்னிக்கு வாக்கிங்கே போகல" என்று ஒவ்வொரு கதவாகப் போய்ச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. மேனேஜர்கூட, "ரூல்னா ரூலா இருக்கணும்" என்று அட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். நர்ஸம்மா என் கதவுக்கும் வந்தார். "நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றார். "பாப்போம்" என்று கதவைச் சாத்தினேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. ஆனாலும் சாத்தினேன்.

நான்காம் நாள், ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா எனக்குப் போன் செய்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"தம்பி, இன்னிக்கு எத்தன பச்சை?"

"அறுபதுக்கா. எல்லாம் அவங்கவங்க கையால."

"என் கதவுல?"

"அன்னிக்கு இருந்த பச்சை அப்படியேதான்கா இருக்கு."

"யாரு திருப்பினதுன்னு சண்டையாமே. நர்ஸம்மா எனக்குப் போன் பண்ணி அழுதா" என்றார்.

இந்த நான்கு நாளில் நூறு முறை ஒத்திகை பார்த்த பொய் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. காற்றில் தானாகத் திரும்பியிருக்கும் என்று சொல்லலாம். அவரிடம் அது வரவில்லை.

"நான்தான்கா. எட்டு பத்துக்கு. நீங்க கோவத்துல இருக்கீங்கன்னு நெனச்சேன். யாரும் சிரிக்கக்கூடாதுன்னு..."

"தெரியும்" என்றார். "முப்பத்திநாலு வருஷம் நடைச் சத்தத்த வச்சே ஆளச் சொன்னவ நான். நீ வராந்தா முனைல வரும்போதே தெரிஞ்சுபோச்சு. நர்ஸம்மாட்ட நான் எதுவும் சொல்லல. அத நீயே போய்ச் சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"சொல்றேன்கா."

"உன்னத்தான் கூப்பிட்டேன் தம்பி. நாலு தடவ கூப்பிட்டேன். அப்போ எனக்குக் குரல் இருந்துச்சு."

காது மெஷினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"கதவுகிட்ட வந்து நின்ன பாரு, கேட்டுடுச்சுன்னு நெனச்சேன். அதனாலதான் அஞ்சாவது தடவ கூப்பிடல."