மால்டாவுக்கு நாள் குறித்த கதை

தஞ்சாவூர் பக்கம் எங்களுக்கு வயல். மகள் மால்டா தீவில் நர்ஸ். "நாலு நாள் வாங்கப்பா, சுத்திக் காட்டுறேன்" என்றாள். பங்குனியில் உளுந்து எடுத்தபின் வேலை இல்லை. அப்போது வருகிறோம் என்று நானே சொல்லிவிட்டேன்.

டிக்கெட் எடுக்கும் அன்று மகள் போனில் அடுக்கினாள். கோட்டை, படகு, முயல் கறி, மீன்.

"அது தவக்காலம்டி. ஈஸ்டர் வரைக்கும் நான் கவுச்சி தொடமாட்டேன்" என்றாள் என் மனைவி.

"அப்ப நாலு நாளும் ரொட்டியும் தக்காளியும்தாம்மா."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "வயலைக் கேட்டு நாள் குறிச்சீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் ஆசையாகக் கிளம்பும் முதல் வெளிநாட்டுப் பயணம். கெடுக்கப் பார்த்தேன்.

நல்லவேளை, டிக்கெட் எடுக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு போய் வந்தோம். முயல் கறியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது எங்கே போவதென்றாலும் முதலில் அவளைக் கேட்கிறேன். வயலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.