பெரிய மாமா போயிட்டார்

ஊரே வியர்வையில் நனைகிற மாதத்திலும், அந்த மெத்தைக் கம்பெனியின் மூன்றாம் மாடியில் ஒருத்தி சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சர்வர் அறைக் குளிர் அப்படி. எல்லோருக்கும் அவள் நெட்வொர்க் மேடம்.

கம்பெனியின் மெயில் சர்வர்களுக்கு முன்பு வெறும் எண்கள்தான். பன்னிரண்டை அணைப்பதாக நினைத்துக்கொண்டு ஒருநாள் இருபத்தொன்றை அணைத்துவிட்டாள். அரை நாளைக்கு ஒரு கடிதமும் வெளியே போகவில்லை. முதலாளி போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்துக் காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தாராம்.

"எண்ணுதான் குழம்பும். சொந்தக்காரங்க குழம்பவே மாட்டாங்க" என்று அன்றே பேர் வைத்துவிட்டாள். வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் வாசலில் நிறுத்தி, 'நீ யாரு, எங்கேருந்து வர்றே' என்று துருவித் துருவிக் கேட்டு உள்ளே விடுகிற சர்வர், பெரிய மாமா. எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உடனே வெளியே அனுப்புவது, சித்தி. அவள் சித்தி வாயில் எள் ஊறாது. பத்து வருஷத்துப் பழசைக் கேட்டாலும் எடுத்துக்கொடுப்பது, பெரியம்மா. ஆபீசில் இந்தப் பேர்கள் ஒட்டிக்கொண்டன. வீட்டில் மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவர் எடுத்தார். மறுமுனையில் இரவுப் பணி முடிக்கப்போகும் ஆபரேட்டர்.

"சார், மேடம்கிட்ட சொல்லிடுங்க. பெரிய மாமா போயிட்டார்."

"அடக் கடவுளே! எப்போ?"

"ஆறு மணிக்கு. நாலு நாளாவே இழுத்துக்கிட்டுத்தான் இருந்தார்."

"எப்போ எடுக்கறாங்க?"

"பத்து மணிக்குள்ள எடுத்துடணும் சார். அப்புறம் எல்லாரும் வந்துடுவாங்க, கஷ்டமாயிடும்."

கணவர் நல்ல மனிதர். ஆனால் இழவுச் செய்தி கிடைத்தால் கை துறுதுறுக்கும். அவள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் பதினேழு வீடுகளுக்குச் சொல்லி முடித்திருந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மனச திடப்படுத்திக்கோ. உங்க பெரிய மாமா..." என்று ஆரம்பித்தார்.

"யாரு சொன்னா?"

"உங்க ஆபரேட்டர்."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பதினேழு வீட்டுக்குச் சொல்லியாச்சு என்றதும் சிரிப்பு நின்றது. பெரிய மாமா என்பவர் அவள் அம்மாவின் அண்ணன். எழுபத்தொன்பது வயது, முட்டிவலி தவிர ஒரு குறையும் இல்லாதவர். உடனே போன் போட்டாள். அரை மணி நேரம் லைன் பிஸி; அப்புறம்தான் அத்தை எடுத்தாள்.

"என்னடி நடக்குது? உன் சித்தப்பா மாலையோட வந்து கதவைத் தட்டினார். உன் மாமாதான் போய்த் திறந்தார். உன் சித்தப்பா மாலையோடவே படியில உட்கார்ந்துட்டார்!"

பெரிய மாமா போனைப் பிடுங்கினார். "ஏம்மா, உன் சித்தி தெருமுனையிலேருந்தே ஓன்னு அழுதுக்கிட்டு வந்தா பாரு, நானே நம்பிட்டேன்!" வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துவிட்டு, வராதவர்கள் பட்டியலை அவர் எழுதிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வாரம் அவரே ஆபீசுக்கு வந்து இறங்கினார். வாசலில் வருகைப் பதிவேட்டில் 'வந்த காரணம்' என்ற இடத்தில் 'துக்கம் விசாரிக்க' என்று எழுதினார். காவலாளி ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு வழிவிட்டார்.

பதினோரு வருஷம் உழைத்த பழைய சர்வர் கழற்றப்பட்டு அறை மூலையில் கிடந்தது. மாமா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எது போச்சு இவனுக்கு?"

"ரெண்டு டிஸ்க், மாமா."

"எனக்கும் ரெண்டுதான், முட்டி" என்றவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "புதுசுக்கு என்ன பேரு?"

"முதலாளி மறுபடி எண்ணே போடச் சொல்றார்."

"எண்ணு வேண்டாம். செத்தவங்க பேரா வை. அவங்க இன்னொரு தடவை சாக மாட்டாங்க. என் மாமனார் போய் முப்பது வருஷம் ஆச்சு. அந்த ஆளும் லேசுல யாரையும் உள்ள விட மாட்டார். என்னையே மூணு தடவை திருப்பி அனுப்பினவர்!"

முதலாளிக்கு இந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. புது சர்வருக்கு மாமனார் என்றே பேர் விழுந்தது.

கிளம்பும்போது மாமா செத்த டிஸ்க்கில் ஒன்றைக் கேட்டார். அவள் அதில் ஒன்றும் மிஞ்சாதபடி காந்தம் வைத்து அழித்து, மூடியைத் திறந்து, உள்ளே பளபளவென்றிருந்த வட்டத் தட்டைக் கழற்றி, கேட் பாஸ் எழுதிக் கொடுத்தனுப்பினாள். மாமா அதைத் தன் வீட்டுக் கிணற்றடிச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். பதினோரு வருஷக் கம்பெனி ரகசியத்தில் முகம் பார்த்துத்தான் தினமும் சவரம் செய்கிறார்.